நிலா வருவதற்குள்: கிணத்துக்கடவுப் பாறையில் முப்பத்தொரு பிள்ளைகளோடு ஓர் இரவு

பள்ளிப் பிள்ளைகளை நட்சத்திரம் பார்க்க அழைத்துப் போக என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நான் அப்படி ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அதுவும் ஆசிரியையாக அல்ல, சோறு பொங்கிப் போடுகிறவளாக. தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதம். எனக்குப் பதினாறு வயது. மதுக்கரைப் பக்கம் நான் படித்த நடுநிலைப் பள்ளியிலேயே, எட்டாவதோடு நின்றுவிட்டு, சத்துணவுக் கூடத்தில் அம்மாவுக்கு ஒத்தாசையாக அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேல்வகுப்புக்கு ஆறு கிலோமீட்டர் போகவேண்டும் என்பதால் வீட்டில் அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அதுதான் கதை.

அதனால்தான் அறிவியல் எடுக்க வந்திருந்த மெஹர் டீச்சர் இந்தப் பயணத்துக்கு அவ்வளவு மன்றாடினார். எட்டாவது முடித்தால் பாதிப் பெண்கள் புத்தகத்தையே மறந்துவிடுவார்கள், அதற்குள் ஒரு ராத்திரியாவது வானத்தைக் காட்டிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் ஊரில் ஆலை விளக்குகள் விடிய விடிய எரியும். வானம் எப்போதும் வெளுத்த துணி மாதிரி இருக்கும். ஹெட்மாஸ்டர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: பெண் பிள்ளைகள் வந்தால் போகலாம், பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு போவதென்றால் வேண்டாம். முழுப்பரீட்சைக்கு முன் ஒரே ஒரு நாள்தான் தருவார்.

முதலில் இடம் தேடவேண்டும். டீச்சர் மேற்கே மலையடிவாரத்தைச் சொன்னார். அம்மா உலை மூடியைக் கையில் பிடித்தபடியே, "அங்க ஆனை வருமுங்க டீச்சர். எங்கண்ணன் தோட்டத்துக்குப் போங்க. ராத்திரி கைய நீட்டுனா கை தெரியாது. செல்வி கூட்டிட்டுப் போவா" என்றார்.

செல்வி நான்தான். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறவள்.

ரம்ஜான் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒன்றரைக்குக் கிளம்பி டவுன் பஸ்ஸில் உக்கடம் போய் இறங்கினேன். பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். டீச்சருக்குக் கோட்டைமேட்டில் வீடு. எனக்கு முன்பே வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குளத்துப் பக்கம் நிழலாகப் பார்த்து நின்றிருந்தார். இரண்டே முக்காலுக்குப் பொள்ளாச்சி பஸ். கிணத்துக்கடவு இருபத்திரண்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், நான்கு ரூபாய். அங்கிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் சோளத்தட்டு அறுத்த காடு. வழியெல்லாம் டீச்சர் பேசினார், நான் தலையாட்டினேன்.

பழனிச்சாமி மாமா இன்னொருவர் தோட்டத்தைப் பண்ணையம் பார்க்கிறவர். அங்கேயே கிணற்றுமேட்டில் ஒரு சாளை போட்டுக் குடியிருந்தார். ஓலை வேய்ந்த ஒற்றை அறைதான், ஆனால் வருகிறவர்களுக்கு அரண்மனை உபசாரம் நடக்கும். டீச்சர் உட்காருவதற்குள் இளநீர் வெட்டியாயிற்று.

"ஏனுங்க டீச்சரு, நட்சத்திரத்தப் பாக்கறதுக்கு இம்புட்டு தூரம் வரோணுமுங்களா? உங்கூர்ல வானமே இல்லீங்களா?"

"வானம் இருக்குதுங்கண்ணா. விளக்கும் இருக்குது."

"எங்குளுக்கு அந்தக் கவலையே இல்லீங்க. கரண்டு இருந்தாத்தான் அதிசயம்."

சாளைக்குப் பின்னால் ஒரு ஏக்கர் அகலத்துக்குத் தட்டையான பாறை. தானியம் காயப்போடும் இடம். இதை எழுதும்போது சொல்லிவிடுகிறேன்: இடம் தேடுகிறவர்கள் இந்த மாதிரிப் பாறையைத் தேடுங்கள். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணி வரை முதுகுக்கு இதமாகக் கொடுக்கும். புல் இல்லாததால் பூச்சி பொட்டும் குறைவு.

அன்றைக்கு உச்சியில் பாதி நிலா நின்றது. ஏழு மணிக்கு டீச்சர் கைப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்தார். தலைப்புச் செய்தியை என்னால் எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது. வானத்தில் பெரிய நட்சத்திரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன.

"பாதி நிலாவுக்கே இப்படின்னா, முழு நிலாவுக்கு ஒண்ணுமே தெரியாது செல்வி. அமாவாசைதான் சரி" என்றார்.

அமாவாசைக்கே வரும்படியும், எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகவும் மாமா சொல்லி அனுப்பினார். எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினோம்.

புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வேப்பமரத்தடியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நான் டீ டம்ளர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். டீச்சர் அமாவாசை என்ற சொல்லைச் சொல்லி முடிக்கவில்லை, ருக்குமணி அக்கா எழுந்துவிட்டார். எங்கள் வீதியில் அவர் சொன்னால் மற்ற பெண்கள் மறு பேச்சுப் பேசமாட்டார்கள். அவர் மகள் மல்லிகா எட்டாவது.

"ஏனுங்க டீச்சர், அமாவாசை ராத்திரில வயசுக்கு வந்த புள்ளைங்களப் பாறைக்கு அனுப்பச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதுங்களா? நாங்க கோழியக்கூட அன்னிக்குக் கூடைக்குள்ள கவுத்துப்போடுவோம்."

சிரிப்பும் சலசலப்பும். ஹெட்மாஸ்டர் கையமர்த்தினார். அவர் நல்ல மனிதர். எல்லாருக்கும் பிடித்த மாதிரி முடிவு சொல்வதில் கெட்டிக்காரர். "அப்படின்னா பௌர்ணமிக்கு வெச்சுக்கலாம். வர்ற வாரமே வருது. பட்டப்பகலாட்ட இருக்கும், பயமில்லை" என்றார்.

கூட்டத்துக்குப் பரம திருப்தி. ஓர் அப்பா மட்டும் கேட்டார், "நட்சத்திரம் நல்லாத் தெரியுமுங்களா சார்?"

"வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தானுங்க தெரியும்!"

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். பள்ளிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே நின்றவர்களில் டீச்சரைத் தவிர, பாறையில் செய்தித்தாளைப் படித்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நடப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போன மாதச் சதுர்த்தி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அம்மா மாதாமாதம் பௌர்ணமிக்கு அடுத்து வரும் சங்கடகர சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு விரதம் இருப்பார். நிலாவைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. "வந்திருச்சா பாரு கண்ணு" என்று அவர் கேட்கக் கேட்க, நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருப்பேன். ஒன்பது மணியைத் தாண்டித்தான் வரும். அதுவரை வானம் இருட்டாகக் கிடக்கும்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் கை கழுவ வந்தபோது, இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, சதுர்த்தி நிலாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஈரக் கையோடு விரல் விட்டு எண்ணினார். ஏழேகாலுக்கு நன்றாக இருட்டும். ஒன்பதேகால் வரை நட்சத்திரம். அப்புறம் நிலா வந்து, பயப்படுகிறவர்களுக்கு வெளிச்சம். இந்த மாதச் சதுர்த்தி வெள்ளிக்கிழமை வேறு, மறுநாள் லீவு.

"அட! நாங்க பிறைக்காக மேற்க பாத்துட்டு நிப்போம், நீங்க கிழக்க பாத்துட்டு நிக்கறீங்களா?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஆனா பிள்ளையார் விரதத்தப் பத்தி நான் போய் அவங்ககிட்டச் சொன்னா எப்படி இருக்கும்? நீ சொன்னாத்தான் எடுபடும் செல்வி."

அடுத்த நாள் விடியற்காலை ஐந்தரை மணி. பொதுக்குழாயில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ருக்குமணி அக்கா. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அக்கா... சதுர்த்திக்கு நிலா எத்தன மணிக்குங்க வரும்?"

"இங்க பாருங்கடி, செல்வி பேசறா! இன்னிக்கு மழ கொட்டப்போகுது." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்கம்மணி கேக்கற? நீயும் விரதமா? மாப்பிள்ள வேணுமா?"

என் காது சுட்டது. பின்னாலிருந்த ஒருவர் பதில் சொன்னார்: "போன மாசம் ஒம்பதுக்கு மேல ஆயிப்போச்சு. பசி வயித்தக் கிள்ளிருச்சு."

"ஒம்பதே காலுடி. நான் தூக்குப்போசியத் தொறந்து வெச்சுட்டே உக்காந்திருந்தேன்" என்றார் ருக்குமணி அக்கா.

"அதுவரைக்கும் நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சுதுங்களா அக்கா?"

"தெரியாம? அதையே எண்ணிட்டுக் கெடந்தேன், சோறு இல்லாததுக்கு." சொல்லிவிட்டு நிறுத்தினார். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடாமல் என்னையே பார்த்தார். "ஓ. அதுக்கா கேக்கற?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அன்றைக்குப் பத்து மணிக்கு ஆறு பெண்கள் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்கள். பிள்ளையார் நாள், நிலாவும் வரும், பௌர்ணமிக்கு எங்களுக்கு வேறு சோலி இருக்கிறது என்றார்கள். அவரும், "நானும் அதத்தானுங்க யோசிச்சிட்டிருந்தேன்" என்று தேதியை மாற்றினார். துணைக்குத் தானே வருவதாக ருக்குமணி அக்கா சொல்லிவிட்டார், விரதத்தோடு.

அடுத்த வாரம், சதுர்த்தி வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். முப்பத்தொரு பிள்ளைகள், அதில் பதினான்கு பெண்கள். பெரியவர்கள் ஹெட்மாஸ்டர், டீச்சர், அம்மா, ருக்குமணி அக்கா. எதிலும் சேராமல் நான். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் வரிசையைப் பார்த்துவிட்டு, "என்னுங்க சார், கிணத்துக்கடவையே வாங்கப் போறீங்களா?" என்றார். அரை டிக்கெட் கேட்டதற்கு, பின்னால் நின்ற உயரமான பையனைக் காட்டி, "இவனுக்கு மீசை முளைச்சிருக்குதுங்க, இவனுக்குமா?" என்றார். கடைசியில் பாதிப் பேருக்கு அரை போட்டார். ஐந்தேகாலுக்குக் கிணத்துக்கடவு. பாட்டுப் பாடிக்கொண்டே நடந்ததில் மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. மேற்கே வெள்ளி மட்டும் முளைத்து, தொட்டால் சுடும்போல எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் எல்லாரையும் நிறுத்தி அதைக் காட்டினார்.

மேட்டில் ஏறித் திரும்பினால், பாறை பட்டப்பகலாக இருந்தது.

மாமா சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு எட்டு டியூப்லைட் கட்டியிருந்தார். நடுவில் சீரியல் பல்பு. வாடகைக்கு எடுத்த இரும்புச் சேர் ஐந்து. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேட்டி சட்டையோடு வந்து நின்றிருந்தார்கள்.

"வாங்க வாங்க! மைக் செட்டும் சொல்லியிருந்தேனுங்க. அவன் கல்யாணத்துக்குப் போயிட்டான்" என்றார் மாமா, முகம் கொள்ளாத சிரிப்போடு. பள்ளிக்கூடமே தன்னைத் தேடி வருகிறது. ஒறம்பரையை, வீடு தேடி வந்த விருந்தாளிகளை, இருட்டில் உட்காரவைத்தான் என்று ஊர் சொல்லிவிடக்கூடாது.

டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். ஹெட்மாஸ்டர், "ஏற்பாடு பிரமாதமுங்க" என்று சேரில் உட்கார்ந்தார். விளக்கும் சேரும் இருந்தால் எங்கள் ஊர்களில் எதுவும் விழாவாகிவிடும். ஹெட்மாஸ்டர் வரவேற்புரை தொடங்கினார். விவசாயத்தின் பெருமையைச் சொன்னார். மாமாவுக்குத் துண்டு போர்த்தினார். மாமா ஹெட்மாஸ்டருக்குத் திருப்பிப் போர்த்தினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் இரண்டு வார்த்தை பேச எழுந்தார். ஏழு நாற்பது. எங்களுக்கு மொத்தமே இரண்டு மணி நேரம்தான், அதில் கால்வாசி போய்விட்டது. மல்லிகா கண்ணுக்கு மேல் கையை வைத்து டியூப்லைட்டைத் தாண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனேன்.

லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பழக்கம். மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கினேன்.

"கரண்டு போச்சு!" என்று ஒரே சத்தம். எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் அவமானமில்லை, யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. மாமா டார்ச்சோடு ஓடி வந்தார். வெளிச்சம் என் மேல் விழுந்தது. என் கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது.

"அம்மணி! நீயா?"

"மாமா, நிலா வரவரைக்கும் மட்டுமுங்க." அழுகை வந்துவிட்டது. "இந்தப் புள்ளைங்க அப்பறம் எங்க மாமா பாக்கும்?"

மாமா வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். நானும் வந்து பார்த்தேன். தலைக்கு நேர் மேலே மூன்று நட்சத்திரம் வரிசையாக, சுற்றி நாலு மூலைக்கு நாலு. மேற்கே கார்த்திகைக் கூட்டம். இடையில் கோலப்பொடியைக் கை தவறிக் கொட்டினமாதிரி. மாமா தினமும் பார்க்கிற வானம்தான். டார்ச்சை அணைத்தார். பாறைக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னார்:

"கரண்டு ஒம்பதரைக்குத்தானுங்க வருமாம்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"இங்க வழக்கமுங்க சார். நீங்க அப்படியே சாஞ்சுக்குங்க."

ஹெட்மாஸ்டருக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. பழைய சென்னிமலை பெட்ஷீட்டுகளை விரித்து எல்லாரும் மல்லாந்து படுத்தோம். கண் பழகக் கால் மணி நேரம் ஆனது. முதலில் கசமுசா என்று பேச்சு, பிறகு அதுவாகவே அடங்கியது. டீச்சர் ஒவ்வொன்றாகக் காட்டினார். தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். வடகிழக்கில் சப்தரிஷிகள் ஒவ்வொருவராக மேலேறிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகையில் ஆறு என்று டீச்சர் சொல்ல, மல்லிகா, "ஏழுங்க டீச்சர். நல்லாப் பாருங்க" என்றாள். டீச்சர் பார்த்துவிட்டு, "உன் கண்ணு நல்ல கண்ணு" என்றார். மல்லிகா அதற்கப்புறம் ஒன்பது மணி வரை வாய் மூடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கேள்வி. நான் எட்டாவது பெண்களின் வரிசையில் கடைசியாகப் படுத்திருந்தேன். நான் பள்ளியை விட்டவள் என்பது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஒன்பது பதினைந்துக்குக் கிழக்கே தென்னந்தோப்புக்குப் பின்னால் வானம் வெளுத்தது. ருக்குமணி அக்கா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தவர். தூக்குப்போசியில் கொழுக்கட்டை மூடி வைத்தபடி இருந்தது. பக்கத்தில் மல்லிகா, "அம்மா, அது என்ன, புகையாட்ட இருக்குதே?" என்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவும் அவள் விரல் போன பக்கம் பார்த்தார். மட்டைகளுக்கு நடுவே சிவப்பாக நிலா விளிம்பு தெரிந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து கையைக் கூப்பினார். கூப்பிய கையோடு சொன்னார்:

"ஏஞ்சாமி, இன்னிக்கொரு நாளைக்குச் செத்த நேரங்கழிச்சு வந்திருக்கக்கூடாதா?"

காலை ஆறு மணிக்கு நடந்து, ஏழேகால் பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: மேலே சொன்ன கட்டணமும் நேரமும் அந்தக் காலத்தவை, விசாரித்துக்கொள்ளுங்கள். இடத்தை முன்கூட்டியே ஒரு முறை, ராத்திரியில், போய்ப் பாருங்கள். பகலில் பார்த்தால் விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. செய்தித்தாள் கொண்டுபோங்கள், தலைப்பு படிக்க முடிந்தால் அந்த நாள் வேண்டாம். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் கட்டுங்கள். மாசி, பங்குனி எங்கள் பக்கத்துக்கு நல்ல மாதங்கள். விடிகாலையில் பனி இறங்கும், போர்வை வேண்டும். தோட்டத்துக்காரரிடம் உதவி கேட்கும்போது, விளக்கு வேண்டாம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அன்பு மிகுந்தவராக இருந்தால் இரண்டு முறை சொல்லுங்கள்.

மல்லிகா ஒன்பதாவது போனாள். அந்த ராத்திரியால்தான் என்று சொல்லமாட்டேன், ருக்குமணி அக்காவைக் கேட்டாலும் அப்படிச் சொல்லமாட்டார். ஜூன் மாதம் ஆறு கிலோமீட்டரும் அவரே கூட நடந்து போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

தேதி குறிப்பதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் தேவையில்லை. நிலா எப்போது வரும் என்பதைப் பசியோடு காத்திருக்கிறவர்களைவிடத் துல்லியமாக யாரும் சொல்லமாட்டார்கள். உங்கள் வீதியில் விரதமிருக்கும் ஒரு பெண்ணைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.